ஒட்டுப்பால்

பதினைந்து படங்கள் வேண்டும் என்றது
சென்னைக் கல்லூரியின் விண்ணப்பம்.
கட்டிலுக்கடியில் நூற்றுப்பத்து கிடந்தன.

முதலில் கன்னியாகுமரிச் சூரியனை எடுத்து வைத்தேன்.
மாவட்டப் போட்டியில் முதல் பரிசு.
அதற்குக் கிடைத்த எவர்சில்வர் தட்டில்தான்
இப்போதும் மரச்சீனி ஆறப்போடுகிறோம்.
ஆனால் கடலிலிருந்து சூரியன் எழும்பி
நான் ஒருநாளும் கண்டதில்லை.
குலசேகரத்தில் அது மலையேறி, மரமேறி
எட்டு மணிக்குத்தான் முற்றத்துக்கு வரும்.
காலண்டர் பார்த்து வரைந்த சூரியனை
மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
நடிகர் முகங்கள் ஒன்பது,
அன்னம், தாமரை, பரிசுத்த குடும்பம்,
எல்லாம் அதன் பின்னால் போயின.

எங்கள் வீட்டில் ரப்பர் என்றால் மரம்.
பள்ளிக்கூடத்தில் ரப்பர் என்றால் அழிப்பது.
இரண்டும் ஒன்றென்று தெரிய ஆறாம் வகுப்பானது.
அப்பா வெட்டிய சால்வழி காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை
உரித்து, உருட்டி, தாளில் தேய்த்தேன்.
கோடு சத்தமில்லாமல் எழுந்து வந்தது.
கடை ரப்பர்போலத் தாளைக் கருப்பாக்காது.
நாற்றம் உண்டு, அவ்வளவுதான்.

முதலில் தேர்வானது இது:
தாள் முழுக்கச் சிரட்டைக்கரி.
ஒட்டுப்பாலால் நாலே இடத்தில் ஒற்றியெடுத்த வெள்ளை.
விடியற்காலை மூன்று மணி.
அப்பாவின் நெற்றி விளக்கு
நாலு மரம் தாண்டிப் போகிறது.
அப்பா பார்த்துவிட்டுக் கேட்டார்:
"நான் எங்க?"

மழை மாதத்தில் தாள்களில் பூப்பு பிடித்தது.
முதலாளியின் புகைப்புரையில்
ஷீட்டுகளுக்கு நடுவே கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன்.
நாலாம் நாள் எடுத்தபோது
எல்லாம் ஓரத்தில் தேன்நிறம்.
அதை நான் செய்யவில்லை.
செய்திருந்தால் இத்தனை நன்றாக வந்திருக்காது.

தாள் வாங்கியது ரெக்கார்டு வரைந்த காசில்.
நெஃப்ரான் பத்து ரூபாய்.
இரண்டு நிறம் என்பதால் இதயம் இருபது.
பன்னிரண்டு பி-யில் முப்பத்தெட்டு இதயங்களும்
ஒரே பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தன.
லில்லிபாய் டீச்சர் கண்டுபிடித்தார்.
திட்டவில்லை.
அவர் மகளுக்கும் ஒன்று வரையச் சொன்னார்,
சும்மா.

பதினாலு தேறியது.
பதினைந்தாவது என்னிடம் இல்லை.
அது ஜெர்பினின் ரெக்கார்டில், ஏழாம் படம்:
செம்பரத்தி, நெடுக்கு வெட்டு.
கரண்டில்லாத ராத்திரி, பால்வெட்டுக் கத்தியால்
ஒரே இழுப்பில் பிளந்து, மண்ணெண்ணெய் விளக்கில் வரைந்தது.
இதழில் புழு தின்ற ஓட்டை இருந்தது.
இருந்ததால் வரைந்தேன்.
ஓட்டைக்குப் பக்கத்தில் டீச்சரின் சிவப்புக் கேள்விக்குறி.

திற்பரப்புக்குப் போனேன்.
பிராக்டிகல் முடிந்த கையோடு
ரெக்கார்டு ஆக்கர் கடைக்கான சாக்கில் இருந்தது,
பீர்க்குபோல நீளமாய்ச் சுருட்டி.
"எதுக்கு பிள்ளே இது?
மார்க்கு நான் வாங்கியாச்சு.
பூவை நீ வச்சுக்க."

வீட்டில் வந்து கிழித்தெடுத்தேன்.
மேலே கொட்டை எழுத்தில், நீல மையில்: எஸ். ஜெர்பின்.
ஒட்டுப்பாலை உருட்டித் தேய்த்தேன்.
மை அசையவில்லை.
பிளேடு எடுத்தேன், வைத்துவிட்டேன்.
அவன் பெயர், டீச்சரின் கேள்வி, புழுவின் ஓட்டை,
எல்லாம் இருக்கட்டும்.
கீழே மூலையில்
பென்சிலால் என் பெயர் எழுதினேன்,
மெல்லிசாக.

நாகர்கோவில் பஸ்ஸில்
மடியில் கொள்ளாமல் பையைக் காலிடுக்கில் வைத்தேன்.
கண்டக்டர் வந்து நின்றார், மூக்கைச் சுளித்தார்.
"ஷீட்டா? லக்கேஜ் போடணுமே.
எத்தனை கிலோ?"

"பதினைஞ்சு" என்றேன்.